மகன்கள் ஐந்து பேர், வாரிசு ஒருவர்கூட இல்லை: வில்லியம் மார்ஷல் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று?

#1 பழையஏடு

வில்லியம் மார்ஷலைப் பற்றி அங்கங்கே பேச்சு வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தனி இழை இல்லை. தொடங்கிவிடுகிறேன்.

1219 மே 14 அன்று, ரெடிங் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் கேவர்ஷாமில் தன் மாளிகையில் அவர் இறந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெம்ப்ரோக் எர்ல் (எர்ல் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம்), அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் பகுதிக்குப் பிரபு, சிறுவனாக இருந்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நடத்தியவர். இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, நார்மண்டி எல்லா இடத்திலும் நிலம். அதைவிடப் பெரிய பாக்கியம், ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள், பத்துப் பேரும் உயிரோடு. பாதிப் பிள்ளைகள் தொட்டிலிலேயே போய்விடும் காலத்தில் இது சாமானியம் இல்லை.

1245 டிசம்பரில் கடைசி மகன் ஆன்செல்ம் கண்ணை மூடினார். இடையில் 26 ஆண்டுகள்தான். மற்ற நான்கு அண்ணன்களும் அதற்கு முன்பே போயாயிற்று. ஐவரில் ஒருவருக்கும் சட்டப்படியான பிள்ளை கிடையாது.

ஒரு பிஷப்பின் சாபம் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். நான் சாபத்தை நம்புகிற ஆள் இல்லை. இது வெறும் கெட்ட நேரமா, இல்லை அந்தக் குடும்பம் கல்யாணத்தையும் சொத்தையும் கையாண்ட விதத்திலேயே விடை இருக்கிறதா? அதைத்தான் பேச நினைக்கிறேன்.

#2 நடுநிசி

எனக்கு முதலிலிருந்து வேண்டும். இவர் ராஜ குடும்பமா? எர்ல் வீட்டுப் பிள்ளையா? அவ்வளவு நிலம் எப்படி வந்தது?

#3 கோட்டைவாசல்

இரண்டும் இல்லை. அப்பா ஜான் மார்ஷல், அரசரின் குதிரை லாயத்தையும் அரண்மனை ஒழுங்கையும் கவனிக்கும் மார்ஷல் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த நடுத்தரப் பிரபு. முதல் மனைவிக்கு இரண்டு மகன்கள். இரண்டாம் மனைவி சிபில், சாலிஸ்பரி எர்ல் பேட்ரிக்கின் தங்கை. அவளுக்கு நான்கு மகன்கள், அதில் இரண்டாமவர் நம் ஆள். ஆக மொத்தம் அப்பாவின் நான்காவது மகன். பாகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காணி நிலம்கூடக் கிடைக்காத இடம்.

அப்பா எப்பேர்ப்பட்டவர் என்று தெரிய 1152க்குப் போக வேண்டும். அரசர் ஸ்டீபனுக்கும் பேரரசி மெட்டில்டாவுக்கும் உள்நாட்டுப் போர். ஜான் மெட்டில்டா பக்கம். ஸ்டீபன் நியூபரிக் கோட்டையை முற்றுகையிட்டார். சரணடைவதைப் பற்றி யோசிக்க அவகாசம் வேண்டும் என்று கேட்ட ஜான், பிணையாக வில்லியமைக் கொடுத்தார். பையனுக்கு வயது ஐந்தோ ஆறோ. கிடைத்த அவகாசத்தில் கோட்டைக்குள் தானியத்தையும் ஆட்களையும் ஏற்றிவிட்டுச் சரணடைய மறுத்துவிட்டார். பிள்ளையைத் தூக்கில் போடுவோம் என்று ஆள் வந்தது. அதற்கு அவர் சொன்ன பதில், இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இன்னும் இருக்கின்றன, என்பது.

தூக்குமரத்துக்குப் போகும் வழியில் பையன் ஒரு பிரபு கையில் இருந்த ஈட்டியைப் பார்த்து, அதைக் கொஞ்சம் கொடுங்களேன் என்று கேட்டானாம். ஸ்டீபனுக்கு மனசு வரவில்லை. தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு ஒருநாள் அரசரும் அந்தப் பையனும் கூடாரத் தரையில் உட்கார்ந்து, புல்தண்டுகளை நைட்டுகள் (கவசமணிந்த குதிரைவீரர்கள்) ஆக்கி ஒன்றோடொன்று அடித்து, யாருடைய தண்டின் தலை முதலில் விழுகிறது என்று விளையாடினார்கள். அரசர் தோற்றார்.

அப்புறம் நார்மண்டிக்கு, உறவினர் டாங்கார்வில் பிரபுவின் வீட்டுக்கு வேலை பழகப் போனார். தின்பதும் தூங்குவதும்தான் இவன் வேலை என்று அங்கே பேர் வாங்கினார். 1166 வாக்கில் நைட் ஆனார். முதல் சண்டையில் பிரமாதமாகப் போரிட்டும் ஒரு குதிரையைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு விருந்தில் எசெக்ஸ் எர்ல், மார்ஷல், எனக்கு ஒரு பழைய சேணப்பட்டை பரிசாகக் கொடேன், என்று கேட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒன்று என்னிடம் இருந்ததில்லையே, என்றார் இவர் அப்பாவியாக. இன்றைக்கு மட்டும் நாற்பதோ அறுபதோ உன் கையில் கிடைத்திருக்கலாமே என்றதும் பந்தியே சிரித்தது. சொந்தக் குதிரை செத்துப்போய், மேலங்கியை விற்று ஒரு நோஞ்சான் குதிரை வாங்கும் நிலைமை.

#4 கணக்கப்பிள்ளை

அந்தச் சேணப்பட்டை நக்கல்தான் அவர் வாழ்க்கையில் பெரிய பாடம். அதற்குப் பிறகு மனிதர் ஒரு வாய்ப்பையும் விடவில்லை.

அன்றைய டோர்னமென்ட் என்றால் வேலிக்கு இரு பக்கமும் இரண்டு பேர் மோதிக்கொள்வது இல்லை. ஊருக்கு வெளியே மைல் கணக்கில் வயலும் தோப்புமாகப் பரந்த இடத்தில் இரு படைகள் மோதும். பிடிபட்டவர் பணம் கட்டித்தான் மீள வேண்டும், குதிரையும் கவசமும் பிடித்தவருக்கு. வில்லியம் இன்னொரு நைட்டோடு பங்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு களத்துக்குக் களம் போனார். வருவதில் ஆளுக்குப் பாதி. பத்து மாதத்தில் இருவரும் பிடித்தது 103 நைட்டுகள். இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் அப்போது வில்லியம் ஊழியம் செய்த இளவரசர் இளைய ஹென்றியின் சமையலறை எழுத்தர் விகேன் என்பவர். வில்லியமைப் பற்றிய வீரகாவியத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் இந்தச் சமையலறை எழுத்தர்தான்.

ஷாம்பேன் பக்கம் ப்ளேர் என்ற ஊரில் நடந்த டோர்னமென்ட்டில் சிறந்த வீரருக்கு ஒரு பெரிய மீன் பரிசு. பெரிய மனிதர்கள் ஆளுக்கு ஆள் மரியாதைக்கு மறுத்து மறுத்துக் கடைசியில் மார்ஷலுக்குத்தான் என்று முடிவானது. ஆளைக் காணோம். தேடிப் போனால் கொல்லன் பட்டறையில், பட்டறைக்கல்மேல் தலையை வைத்துக் குனிந்து நிற்கிறார். வாங்கிய அடிகளில் நசுங்கிப்போன தலைக்கவசம் கழலவில்லை. கொல்லன் சுத்தியலும் குறடுமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அப்பா சொன்ன சுத்தியலும் பட்டறைக்கல்லும் இப்படியும் வந்து சேர்ந்தன.

#5 மறுவாசிப்பு

கதைகள் நன்றாக இருக்கின்றன. நன்றாக இருப்பதுதான் என் பிரச்சினை.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? மூத்த மகன் இளைய வில்லியம் பணம் கொடுத்து எழுதவைத்த பிரெஞ்சுச் செய்யுள் ஒன்றிலிருந்து. 19,214 அடிகள். விவரங்களில் பெரும்பகுதி ஜான் ஆஃப் எர்லி சொன்னது. முப்பது ஆண்டுக்குமேல் வில்லியமுக்கே ஊழியம் செய்தவர், விசுவாசத்தின் மறுபெயர். குடும்பம் சொல்லி, குடும்பம் கொடுத்த காசில், குடும்பத்துக்காக எழுதியது. அரசவையில் எழுதும் மெய்க்கீர்த்தியை நாம் எப்படிப் படிப்போமோ அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும்.

ஒரே ஓர் ஏட்டுப்பிரதிதான் மிஞ்சியது. 1861இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைச் சற்று நேரம் பார்த்தார். வேறொருவர் ஏலம் எடுத்துவிட்டார். இருபது ஆண்டு தேடி 1881இல் செல்டனாமில் தாமஸ் பிலிப்ஸ் சேகரத்தில் கண்டுபிடித்தார். இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. அந்த ஒரு பிரதி கரையானுக்குப் போயிருந்தால் இந்த இழையே இல்லை.

அது எதைச் சொல்லாமல் நழுவுகிறது என்று பாருங்கள். அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215 மேக்னா கார்ட்டா சாசன விவகாரத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. காரணம் வெளிப்படை. அப்பா அரசர் ஜான் பக்கம், மூத்த மகன் கலகக்காரர் பக்கம். சாசனத்தைக் காப்பாற்ற நியமிக்கப்பட்ட 25 பிரபுக்களில் இளைய வில்லியம் ஒருவர். காசு கொடுத்தவரே அவர்தானே, பிறகு எப்படி எழுதுவார்கள்?

#6 பழையஏடு

மறுவாசிப்பு சொல்வது சரிதான். அப்பாவும் மகனும் எதிரெதிர் அணியில் நின்றதைச் சிலர் திட்டமிட்ட நாடகம் என்றே நினைக்கிறார்கள். எந்தப் பக்கம் வென்றாலும் சொத்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். 1217 மார்ச்சில் மகன் அப்பா பக்கம் திரும்பிவிட்டார், மே மாதம் லிங்கனில் இருவரும் ஒன்றாகச் சண்டை போட்டார்கள். நாடகமோ இல்லையோ, பலன் அதுதான்.

நடுநிசியின் கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை. நிலம் எப்படி வந்தது?

#7 கோட்டைவாசல்

சுருக்கமாக ஓடுகிறேன். 1168இல் தாய்மாமன் பேட்ரிக்கை பிரான்சின் பாய்ட்டுவில் லூசிங்யான் குடும்பத்து ஆட்கள் பின்னாலிருந்து குத்திக் கொன்றார்கள். பழிவாங்கப் பாய்ந்த வில்லியம் தொடையில் காயம்பட்டுச் சிக்கினார். கட்டுப்போடத் துணிகூடத் தரவில்லை. ஒரு வீட்டில் தங்கியபோது அங்கிருந்த பெண் ஒருத்தி, ரொட்டியின் உள்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு அதற்குள் துணிப்பட்டைகளை மறைத்து அனுப்பினாள். பிறகு அரசர் இரண்டாம் ஹென்றியின் மனைவி, அரசி எலினார் பணம் கட்டி மீட்டாள். அதுதான் ஏணியின் முதல் படி. 1170இல் அவள் மகன் இளைய ஹென்றிக்குப் போர்ப்பயிற்சி தர வைத்தார்கள்.

1183இல் இளைய ஹென்றி காய்ச்சலில் இறந்தார். அவர் நேர்ந்திருந்த சிலுவைப் பயணத்தை அவருக்காக இவர் ஜெருசலேம் வரை போய் முடித்தார். திரும்பி வந்து கிழவர் இரண்டாம் ஹென்றியிடம் சேர்ந்தார். 1189இல் அந்தக் கிழவரை அவர் மகன் ரிச்சர்டே துரத்திக்கொண்டு வந்தார். லெ மான் அருகே பின்காவலுக்கு நின்ற வில்லியம் ஈட்டியை நீட்டிக்கொண்டு ரிச்சர்ட் மேல் பாய்ந்தார். ரிச்சர்ட் உடம்பில் கவசம் சரியாக இல்லை. கொல்லாதே மார்ஷல், அது முறையல்ல, என்று கத்தினார். உன்னைச் சாத்தான் கொல்லட்டும், நான் கொல்லமாட்டேன், என்று சொல்லிக் குதிரையைக் குத்தினார். தலைக்கு வந்தது குதிரையோடு போயிற்று.

அந்த ரிச்சர்ட் சில வாரத்தில் அரசர். எல்லோரும் மார்ஷல் தொலைந்தான் என்று நினைத்தார்கள். ரிச்சர்ட் மன்னித்தார். தன் அப்பா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்த பெண்ணை உறுதியாகக் கொடுத்தார். 17 வயது இசபெல் டி கிளேர். மாப்பிள்ளைக்கு நாற்பதுக்குமேல்.

#8 மல்லிகைப்பந்தல்

“பெண்ணை உறுதியாகக் கொடுத்தார்” என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். இந்த இழையின் கேள்விக்கு விடையே அங்கேதான் இருக்கிறது, கோட்டைவாசல் அண்ணே.

இசபெலின் அப்பா ஸ்ட்ராங்போ என்று பேர்பெற்ற ரிச்சர்ட் டி கிளேர். அம்மா ஈஃபா, லெய்ன்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோவின் மகள். ஸ்ட்ராங்போவுக்கு ஒரு மகனும் இருந்தான். அவன் வயதுக்கு வருமுன் இறந்ததால்தான் எல்லாம் இசபெலுக்கு வந்தது. வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டை, அயர்லாந்தில் லெய்ன்ஸ்டர், நார்மண்டியில் லாங்க்வில்லில் ஒரு பங்கு, பெம்ப்ரோக் மேல் உரிமை. அரசரின் காவலில் லண்டன் கோபுரத்தில் இருந்தாள். கல்யாணச் செலவுக்குக்கூட மாப்பிள்ளை கையில் காசு இல்லை, ஒரு லண்டன் வியாபாரிதான் பார்த்துக்கொண்டார். எர்ல் பட்டம் முறையாக வந்தது 1199இல், ஜான் முடிசூடிய நாளில்.

1207இல் ஜானுக்கும் வில்லியமுக்கும் முட்டிக்கொண்டது. 1205இல் நார்மண்டி நிலத்தைக் காப்பாற்றப் பிரெஞ்சு மன்னர் பிலிப்புக்கும் மண்டியிட்டதிலிருந்து ஜானுக்கு இவர்மேல் கடுப்பு. மூத்த மகனைப் பிணையாக வாங்கிக்கொண்டார், அப்புறம் இரண்டாவது மகன் ரிச்சர்டையும். அயர்லாந்திலிருந்து அரசவைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. போனால், அரசரின் ஆள் மெய்லர் லெய்ன்ஸ்டரைச் சூறையாடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். கில்கெனியில் வில்லியம் தன் பிரபுக்களைக் கூட்டினார். கர்ப்பிணியான இசபெலைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அவர்கள் முன் நிறுத்தினார். இவள் உங்கள் பிறவி எசமானி, உங்களை இந்த மண்ணில் குடியேற்றியவரின் மகள், அவள் வழியாகத்தான் எனக்கு எல்லாமே, அவளைவிட்டால் எனக்கு இங்கே ஒன்றும் கிடையாது, என்றார். காசு கொடுத்து எழுதிய காவியமே இதை ஒத்துக்கொள்கிறது என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், என்ன மறுவாசிப்பு?

அவர் கிளம்பினதும் சண்டை மூண்டது.  அதே சமயம் இங்கிலாந்தில், கில்ஃபோர்டு அருகே குதிரையில் போய்க்கொண்டிருக்கும்போது ஜான் சிரித்துக்கொண்டே கேட்டார், அயர்லாந்திலிருந்து சேதி உண்டா மார்ஷல்? இல்லை என்றார் இவர். எனக்கு வந்திருக்கிறது, உன் மனைவி முற்றுகையில் இருக்கிறாள், உன் ஆட்கள் செத்துவிட்டார்கள், என்றார். குளிர்காலக் கடலில் ஒரு கப்பலும் வரவில்லை, சொன்னது அத்தனையும் புளுகு. வில்லியம் முகம் மாறாமல், பெரிய நஷ்டம்தான் ஐயா, அவர்கள் உங்கள் வீரர்களும்தானே, என்று மட்டும் சொன்னார்.

பிறகு உண்மைச் சேதி வந்தது. இசபெல் பக்கம் ஜெயித்துவிட்டது. மெய்லரின் மகனே பிணையாக அவள் கையில்.

#9 மறுவாசிப்பு

தோற்றேன், அந்தப் பேச்சை நானும் நம்புகிறேன். குனிந்துபோகும் வரிகளைப் புகழ்பாடிகள் புனைவதில்லை.

#10 நடுநிசி

சரி, சாபக் கதைக்கு வாருங்கள்.

#11 பழையஏடு

அயர்லாந்தில் ஃபெர்ன்ஸ் பிஷப். போரின்போது வில்லியம் தன் திருச்சபைக்குச் சொந்தமான இரண்டு கிராமங்களைப் பிடித்துக்கொண்டார் என்பது அவர் புகார். வில்லியம் திருப்பித் தரவில்லை, பிஷப் அவரைச் சபையிலிருந்து விலக்கிவைத்தார். வில்லியம் இறந்தபின் பிஷப் லண்டன் வந்து, டெம்பிள் தேவாலயத்தில் சமாதியின் முன் நின்று, நிலத்தைத் தந்தால் விலக்கை நீக்குகிறேன் என்றார். மூத்த மகன், அது போரில் நியாயமாகக் கிடைத்தது, தரமுடியாது, என்றுவிட்டார். ஒரே தலைமுறையில் இந்தப் பெயர் அழியும், பெருகுங்கள் என்ற ஆசீர்வாதத்தில் உன் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்று பிஷப் சாபமிட்டார்.

சொல்கிறவர் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ். சகோதரர்களின் முடிவு தெரிந்தபின் எழுதியவர். முடிவு தெரிந்தபின் சாபத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை.

மகன்களை ஒவ்வொருவராக வைத்துப் பாருங்கள்.

இளைய வில்லியம்: முதல் மனைவி ஆலிஸ் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே இறந்தாள். இரண்டாவதாக 1224இல் அரசரின் தங்கை எலினார். அரச குடும்பச் சம்பந்தம், பெரிய கௌரவம். பெண்ணுக்கு வயது ஒன்பது! 1231இல் இவர் திடீரென்று இறந்தபோது அவளுக்குப் பதினாறு. ஏழு ஆண்டுக் கல்யாணம் என்று ஏட்டில் இருக்கிறது, குடித்தனம் எத்தனை நாள் நடந்திருக்கும்?

ரிச்சர்ட்: பிரிட்டனியில் சொத்துள்ள ஜெர்வேஸ் என்ற விதவையைக் கட்டினார். அவளுக்கு முதல் கணவர் வழியில் ஏற்கெனவே மகள்கள் உண்டு. 1233இல் அரசரோடு பகிரங்கச் சண்டை. 1234 ஏப்ரல் 1 அன்று கில்டேர் குராக் புல்வெளியில் பேச்சுவார்த்தை என்று போன இடத்தில் வெட்டுப்பட்டு, ஏப்ரல் 16இல் கில்கெனியில் இறந்தார்.

கில்பர்ட்: பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்தவர். இரண்டு அண்ணன்கள் போனதும் அங்கியைக் கழற்றிவிட்டு எர்ல் ஆனார். ஸ்காட்லாந்து மன்னரின் தங்கை மார்ஜரியைக் கட்டினார். 1241 ஜூன் 27, ஹெர்ட்ஃபோர்டு அருகே டோர்னமென்ட். கடிவாள வார் அறுந்தது, விழுந்தார், கால் அங்கவடியில் மாட்டிக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடியது. முறைசாராத ஒரு மகள் இருந்தாள், அவளுக்குப் பட்டத்தில் உரிமை இல்லை.

வால்டர்: தடைசெய்யப்பட்ட அந்த டோர்னமென்ட்டில் இவரும் இருந்ததால், எர்ல் பட்டத்தைத் தராமல் அரசர் கொஞ்ச நாள் இழுத்தடித்தார். 1245 நவம்பர் 24 குட்ரிச் கோட்டையில் மரணம். ஆன்செல்ம் அதற்குப்பின் ஒரு மாதம்கூட இல்லை, பட்டம் கைக்கு வருமுன்னே போய்விட்டார்.

#12 கணக்கப்பிள்ளை

நல்ல பட்டியல். நான்காவது பிள்ளையாகக் காசில்லாமல் கிடந்த அப்பாவுக்குச் சோறு போட்டது டோர்னமென்ட். கோட்டை கோட்டையாகச் சொத்து வைத்திருந்த மகனைக் கொன்றதும் அதுவே. பாதிரியார் வேலைக்குப் படித்த உனக்கெதற்கு இது என்று ஊர் பேசும் என்ற வைராக்கியம் கில்பர்ட்டுக்கு இருந்ததாக மேத்யூ பாரிஸே சொல்கிறார்.

இன்னொன்றும் பாருங்கள். அப்பா மரணப்படுக்கையில் பாகம் பிரித்தபோது கடைக்குட்டி ஆன்செல்முக்கு முதலில் ஒன்றுமே எழுதவில்லை. நான் வந்த வழியில் அவனும் வரட்டும், சம்பாதிக்கட்டும், என்றார். ஜான் ஆஃப் எர்லிதான் மன்றாடி, ஆண்டுக்கு 140 பவுண்டு வரும்படியுள்ள நிலத்தை எழுதவைத்தார். தம்பிகளைக் கைவீசி நடக்கவிடுவது அந்த வர்க்கத்தின் வழக்கம். நிலமில்லாத தம்பிக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அண்ணன் செத்து எர்ல் ஆனபிறகுதான் பெரிய இடத்துக் கல்யாணம். கில்பர்ட்டுக்கு அப்படித்தான், வால்டருக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடுவே வால்டருக்குக் கிடைத்தது மூன்று நான்கு ஆண்டுகள்.

#13 நடுநிசி

பரம்பரை நோய் ஏதாவது?

#14 மல்லிகைப்பந்தல்

அப்படியென்றால் மகள்களுக்கும் இருக்க வேண்டுமே. அவர்கள் பக்கம் வீடு நிறையப் பிள்ளைகள்! மூத்தவள் மெட்டில்டாவுக்கு நார்ஃபோக் வீட்டில் மகன்கள், இரண்டாவது கணவர் சர்ரே எர்ல் வழியில் இன்னொரு மகன். இரண்டாமவள் இசபெலுக்கு குளஸ்டர் எர்ல் வழியில் பிள்ளைகள். அவள் மகள்தான் பிற்கால ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் பாட்டி. சிபிலுக்கு ஏழு மகள்கள். ஈவாவுக்கு நான்கு. கடைசி ஜோன் வழியாகத்தான் பெம்ப்ரோக்கே போனது.

ஈவாவின் கதை தனி. அவள் கணவர் வில்லியம் டி பிரயோஸை 1230இல் வேல்ஸ் இளவரசர் லூயெலின் தூக்கில் போட்டார், தன் மனைவியோடு கையும் களவுமாகப் பிடித்ததால். அதற்குப் பிறகும் ஈவாவின் மகள் லூயெலினின் மகனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள். நிச்சயித்த சம்பந்தத்தை ஒரு தூக்குக்காக முறிப்பார்களா!

அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒருநாள், பாட வேண்டும்போல் இருக்கிறது, மூன்று வருஷமாக இப்படித் தோன்றியதில்லை, என்றார். தனியாகப் பாடினால் புத்தி பேதலித்ததென்று நினைப்பார்கள் என்று பயம். மகள்களைக் கூப்பிட்டார்கள். மெட்டில்டா அழுகையை அடக்கி ஒரு அடி பாடினாள். கல்யாணமாகாத ஜோன் கூச்சத்தோடு முனகினாள். வெட்கப்பட்டுக்கொண்டு பாடாதே, சொல் சரியாக விழாது, என்று எப்படிப் பாடுவதென்று சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்காமல் போகிறோமே என்ற கவலைதான் அவருக்குக் கடைசிவரை.

#15 கோட்டைவாசல்

அதே படுக்கையில்தான், டோர்னமென்ட்டில் பிடித்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று பாதிரிமார் சொன்னார்கள். வாழ்நாளில் 500 நைட்டுகளைப் பிடித்திருக்கிறேன், இனி எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது, இதற்காகக் கதவைச் சாத்தினால் ஒரு மனிதனும் உள்ளே போகமுடியாது, என்றார். விலையுயர்ந்த அங்கிகளை விற்றுத் தர்மம் செய்யச் சொன்ன எழுத்தரை வாயை மூடச் சொல்லிவிட்டு, பெந்தெகொஸ்தேக்குத் தன் வீரர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் புத்தாடை இந்த முறையும் கிடைக்கட்டும் என்றார்.

#16 மறுவாசிப்பு

எல்லாவற்றையும் சேர்த்தால் எனக்குப் படுவது இது. ஸ்ட்ராங்போவின் மகன் பிழைத்திருந்தால் வில்லியமுக்கு லெய்ன்ஸ்டர் இல்லை. ஒரு வீட்டில் ஆண்பிள்ளை இல்லாமல் போனதில் கிடைத்த சொத்து, இன்னொரு வீட்டில் ஆண்பிள்ளை இல்லாமல் போய்க் கலைந்தது. ஸ்ட்ராங்போ வீட்டுக்கு யாரும் சாபம் தேடவில்லை, ஏனென்றால் அங்கே லாபம் அடைந்தவர்கள்தான் கதை எழுதினார்கள். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் பாதி இப்படித்தான் முளைத்தன, இப்படித்தான் பட்டுப்போயின.

#17 பழையஏடு

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அரசரை விட்டுவிடக்கூடாது. ஒன்பது வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது அரச குடும்பம். ரிச்சர்டைச் சாவுவரை துரத்தியது அரசவை அரசியல். வால்டரை இழுத்தடித்ததும் அரசர். சாபம் போட்ட பிஷப்பைவிட மூன்றாம் ஹென்றி இந்த வீட்டுக்குச் செய்தது அதிகம். அவருக்கு முடியைக் காப்பாற்றிக் கொடுத்ததே இந்த வீடு.

#18 கணக்கப்பிள்ளை

பாகப்பிரிவினையைச் சொல்லாமல் விடமுடியாது. 1246, 47இல் சொத்து ஐந்து பங்கானது. லெய்ன்ஸ்டரில் கார்லோ மெட்டில்டா வழிக்கு, கில்கெனி இசபெல் வழிக்கு, கில்டேர் சிபில் வழிக்கு, லீஷ் ஈவா வழிக்கு, வெக்ஸ்ஃபோர்டு ஜோன் வழிக்கு. சிபிலின் பங்கை ஏழு மகள்களுக்கு இன்னும் ஏழாகக் கூறுபோட வேண்டியிருந்தது! மார்ஷல் பதவி மட்டும் பிரிக்க முடியாதது, அதற்கான கோல் மெட்டில்டா கைக்கு வந்தது. ஒரு பெண் கையில். அவள் வழியாக நார்ஃபோக் எர்ல்களுக்குப் போய், இன்றும் நார்ஃபோக் டியூக்தான் எர்ல் மார்ஷல். 2022இல் இரண்டாம் எலிசபெத்தின் அடக்கத்தையும் 2023இல் சார்லஸின் முடிசூட்டையும் ஒழுங்குசெய்தது அந்தப் பதவிதான்.

#19 நடுநிசி

மகன்களின் விதவைகள்? அவர்களுக்கும் பங்கு உண்டுதானே?

#20 மல்லிகைப்பந்தல்

உண்டு, கணவர் சொத்தில் மூன்றில் ஒரு பாகத்தின் வருமானம் ஆயுள் முழுக்க. அதிலே பெரிய வழக்காளி அந்த ஒன்பது வயது மணப்பெண் எலினார். 1231இல் விதவையானதும் இனிக் கல்யாணமே வேண்டாமென்று சபதம் எடுத்தாள். 1238இல் சபதத்தை உடைத்து சைமன் டி மான்ட்ஃபோர்ட்டைக் கட்டினாள். வேல்ஸ், அயர்லாந்து நிலங்களில் அவளுக்குச் சேரவேண்டியதற்கு ஈடாக ஆண்டுக்கு 400 பவுண்டு என்று முடித்திருந்தார்கள். அது அடிமாட்டு விலை என்று கணவனும் மனைவியும் அரசரை விடாமல் நச்சரித்தார்கள்.

1259இல் ஹென்றியும் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியும் பாரிஸில் சமாதான உடன்படிக்கை செய்யப்போனபோது, ஜான் மன்னரின் மகள் என்ற முறையில் எலினாரும் தன் பூர்வீக உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். என் பாக்கியை முதலில் தீருங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ராஜ்ஜியங்களின் ஒப்பந்தம் மாதக்கணக்கில் தொங்கியது. ஹென்றிக்கு வரவேண்டிய பணத்தில் 15,000 மார்க்கை லூயி இந்த வழக்கு தீரும்வரை பிடித்துவைத்தபிறகுதான் அவள் டிசம்பரில் இறங்கிவந்தாள். இளைய வில்லியம் இறந்து அப்போது 28 ஆண்டு.

#21 கணக்கப்பிள்ளை

மாமனார் மெச்சியிருப்பார்.